ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? மல்டிமீட்டரா, டெஸ்ட் லேம்ப்பா

பரனூர் டோல்கேட் வரிசையில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறும். வண்டி ஓட ஆரம்பித்தால் தானாக இறங்கும். ஏசி போட்டாலும் முன்னால் ஃபேன் சத்தம் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஓடிய என் பெட்ரோல் காரில் இப்படி ஆனபோது நாலு வழியிலும் சோதித்துப் பார்த்தேன்: மல்டிமீட்டர், பேட்டரியிலிருந்து நேர் வயர், டெஸ்ட் லேம்ப், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர். ஃபியூஸ் பார்ப்பதும், அதே மாதிரி இன்னொரு ரிலேயை (ஃபேனுக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றிப் போடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் எடுத்தது மல்டிமீட்டர். ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, ஏசியைப் போட்டு, இரண்டு பின்னிலும் வைத்தேன். 12.5 வோல்ட். சப்ளை வருகிறது, அப்படியானால் மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டி, புது மோட்டார் விலைகூடக் கேட்டுவிட்டேன். வாங்குவதற்கு முன் மோட்டாருக்கு ஃபியூஸ் போட்ட நேர் வயர் கொடுத்தால், ஜம்மென்று சுற்றுகிறது! வோல்ட்டும் இருக்கிறது, மோட்டாரும் நல்லது, ஆனால் சாக்கெட்டை மாட்டினால் அசையவில்லை.

எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொன்னார்: "சார், வோல்ட் காட்டுதுன்னா கரண்ட் வருதுன்னு அர்த்தமில்ல."

விஷயமே இதுதான். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். ஃபேனுக்கோ பத்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரும் கிளிப்பும் போட்டால் டெஸ்ட் லேம்ப் தயார். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். அதே சாக்கெட்டில் மாட்டினேன். பல்புக்குள் கம்பி மட்டும் செம்மண் நிறத்தில் மினுங்கியது, வெளிச்சமே இல்லை.

எந்தப் பக்கம் கோளாறு என்பதையும் அதுவே காட்டிவிடும். எர்த் பின்னில் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம்) இருந்த கிளிப்பை எடுத்துப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், பளீரென்று எரிந்தது. ஆக, எர்த்தில்தான் கோளாறு. அப்படியும் மங்கலாகவே இருந்திருந்தால் ரிலே, ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் போயிருப்பேன். எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் போல்ட்டில் மாட்டிய வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஃபேன் சுற்றியது. மோட்டாருக்குச் செலவு இல்லை.

மல்டிமீட்டர் வீண் என்று சொல்லமாட்டேன். ஃபேன் ஓடும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் அப்படித்தான் சரிபார்த்தேன், 0.1 வந்தது. சென்சார், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வயர்களில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது, உள்ளே ஏதாவது கெட்டுப்போய்விடும். அங்கே மீட்டர்தான். லேம்ப் நன்றாக எரிந்தும் ஃபேன் சுற்றாவிட்டால் மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் சுற்றினால், மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனர், ஈசியூ ஃபேனுக்கு ஆர்டர் போட்டதா என்று சொல்லும். ஆர்டர் ஃபேன்வரை போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல் வைத்த புது வண்டிகளில் ஸ்கேனரில்தான் தொடங்குவேன். அவற்றில் நான் அதிகம் கைவைத்ததில்லை, அதனால் மேலே சொன்ன லேம்ப் கணக்கை அங்கே அப்படியே போட வேண்டாம்.

எதைச் செய்தாலும் சூடான எஞ்சினில் ஃபேன் இறக்கைப் பக்கம் கை போகக் கூடாது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.