641-ஐப் பிடித்த கல்குலேட்டர்

டியூஷன் கொடுக்கவென்று இந்தக் கல்குலேட்டரை மட்டக்களப்பு டவுனில் ஒரு புத்தகக்கடையில் வாங்கினேன். பட்டன்கள் மென்மை, வெயிலிலும் திரை தெரிகிறது, சரி. எனக்குப் பிடித்தது ஒரு எண்ணை முதன்மைக் (பகா) காரணிகளாகப் பிரிக்கும் வசதிதான். முதல் வேலையாக 2-இன் 32ஆம் வலுவோடு 1-ஐக் கூட்டினால் வரும் 4294967297-ஐ அடித்துப் பார்த்தேன்; முதன்மை எண் என்று கணித மேதை பெர்மாவே நம்பி ஏமாந்த எண் அது, 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் இன்னொரு கணித மேதை ஒயிலர்தான் காட்டினார். கல்குலேட்டர் 641-ஐ டக்கென்று பிடித்துவிட்டது! ஆனால் மிச்சம் 6700417-ஐ அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கையை விரித்தது. அதுவும் முதன்மை எண்தான், பாவம், மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட காரணிகளை இது தேடாது. இன்னொரு முதன்மை எண்ணான 2147483647-க்கும் இதே கதை. கடைக்காரத் தம்பியோ "எந்த எண்ணையும் பிரிக்கும் சேர்" என்றுதான் விற்றார்.