உள்ளூர் புகார்க் குழு: பத்துப் பேருக்குக் குறைவான கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு

ஜவுளிக் கடை, கிளினிக், தையல் யூனிட் என்று பத்துப் பேர்கூட இல்லாத இடங்களில், நிறுவனத்துக்குள்ளேயே புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்காது. அங்கே பாலியல் தொல்லை நடந்தால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மாவட்டத்தின் உள்ளூர் புகார்க் குழுவுக்குப் போகலாம். தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றால், எத்தனை பேர் வேலை செய்தாலும் இதே குழுதான். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இதுவே வழி. வீட்டு வேலை செய்பவரின் புகாரில் முகாந்திரம் இருந்தால் 7 நாளில் குழுவே போலீசுக்கு அனுப்பவேண்டும்.

இதில் பெரிதும் பிடித்தது, குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது. தலைவர் சமூகப் பணியில் அனுபவமுள்ள பெண். தொண்டு நிறுவனங்களிலிருந்து இருவர், அந்த வட்டாரத்திலேயே வேலை செய்யும் ஒரு பெண். எழுதத் தெரியாவிட்டால் புகாரை எழுத உதவுவது அவர்கள் கடமை. இரு தரப்பும் வக்கீல் வைத்து வாதாட முடியாது; காசுள்ள முதலாளிக்கு எதிரே நிற்கும் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

புகார் பெரும்பாலும் சறுக்குவது தாளிலும் தேதியிலும்தான். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதுங்கள், குழு இன்னும் 3 மாதம் வரை ஏற்கலாம். ஆறு பிரதிகள் வேண்டும். சாட்சிகளின் பெயர், முகவரி, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து. விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கிடைக்கும், ஆனால் எழுதிக் கேட்டால்தான். விசாரணைக்கு 90 நாள் கெடு. சமரசம் பேசலாமா என்று யாராவது இழுத்தால் கவனம்: நீங்கள் கேட்டால் மட்டுமே சமரசம், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக்கூடாது.

குறை என்றால், குழு எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வட்டாரம், நகராட்சி தோறும் புகார் வாங்கித் 7 நாளில் அனுப்ப ஒரு பொறுப்பு அலுவலர் இருக்கவேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலப் பிரிவில் அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தவும் அங்கேயே கேளுங்கள். தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து அதைச் செய்வது மாவட்ட அலுவலரின் வேலை.

இன்றிரவே அடி விழும் என்ற நிலைமைக்கு இந்தக் குழு உதவாது. அப்போது அவசர உதவிக்கு 112, அல்லது 24 மணி நேரமும் எடுக்கும் பெண்கள் உதவி எண் 181.