தமிழ் டியூஷன் ரிவியூ: முதல்ல டீச்சரோட மேசையப் பாருங்க

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். பொண்ணு இப்ப பிரைமரி 6, பிஎஸ்எல்இ, அதான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுற வருஷம். ஒன்றரை வருஷத்துல ரெண்டு டியூஷன் சென்டர் பாத்தாச்சு, ரெண்டுமே வடக்குப் பக்கம்தான், பேர் போட்டு வம்புல மாட்ட வேணாம்னு விட்டுட்டேன்.

முதல் இடம் மாலுக்குள்ள. கண்ணாடிக் கதவு, ரூமுக்கு ரூம் பெரிய டிவி, மாசம் 220 வெள்ளி (டாலர்). எல்லாம் இருந்துச்சு, டீச்சர்தான் நிக்கல. பிப்ரவரில ஒருத்தர், மே மாசம் இன்னொருத்தர், ஜூன் லீவு முடிஞ்சு போனா மூணாவது ஆளு. வர்றவங்க எல்லாம் "எது வரைக்கும் முடிச்சிருக்கீங்க"ன்னு பிள்ளைங்களையே கேக்குறாங்க. கட்டுரை நோட்டுல ஒருத்தர் ர, ற பிழையெல்லாம் வட்டம் போட்டு வெச்சிருக்காங்க, அடுத்த பக்கத்துல இருந்து வெறும் டிக்குதான்.

டீச்சருங்களுக்குப் பொறுப்பே இல்லன்னு வீட்ல பொரிஞ்சு தள்ளிட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போயிட்டேனா, அந்த மூணாவது டீச்சர் தங்கச்சி போட்டோஸ்டாட் மெஷின் மேல டப்பாவ வெச்சு நின்னுக்கிட்டே பீஹூன் சாப்பிடுது, ஒரு கையில வொர்க்‌ஷீட்டுக்கு ஸ்டேப்லர் அடிச்சிக்கிட்டே. உக்கார ஒரு நாற்காலி இல்ல. ஃபீஸ் கட்டாதவங்களுக்கு மெசேஜ் போடுறதும் அவங்கதானாம், திருத்துற நேரத்துக்குச் சம்பளமும் கிடையாதாம். இப்படி வெச்சா யாரு தங்குவா சொல்லுங்க?

என் சின்னம்மா மக ஸ்கூல் டீச்சர். ஓஈசிடிங்கிற சர்வதேச அமைப்பு டீச்சருங்ககிட்ட எடுத்த 2018 டாலிஸ் சர்வேய அவதான் காட்டினா, அப்ப சிங்கப்பூர் டீச்சருங்க வாரத்துக்குக் கிட்டத்தட்ட 46 மணி நேரம் வேலை பாத்திருக்காங்க, அதுல பாடம் எடுத்தது 18 மணி நேரம் போலதான். மிச்சமெல்லாம் திருத்தம், தயாரிப்பு, சிசிஏ (பாடத்துக்கு வெளிய நடக்கிற நடவடிக்கை), பேப்பர் வேலைன்னு போயிடுது. போன வருஷம் அவளும் வேலைய விட்டுடுறேன்னு ஒரே புலம்பல், புது எச்ஓடி (துறைத் தலைவர்) வந்து வேண்டாத மீட்டிங்க எல்லாம் வெட்டினாரு, அப்புறம் அந்தப் பேச்சையே காணோம். அதே ஸ்கூல், அதே சம்பளம்தான்.

ரெண்டாவது இடம் மினிமார்ட்டுக்கு மேல் மாடி. லிஃப்ட் இல்ல, ஏசி சொட்டும், கீழ ஒரு வாளி வெச்சிருப்பாங்க. மாசம் 160 வெள்ளி. ஆனா டீச்சர் அஞ்சு வருஷமா அதே ஆளு! அவங்களுக்குன்னு பூட்டு போட்ட டிராயரோட ஒரு மேசை, பக்கத்துல கெட்டில், மைலோ டின். ரெண்டு கிளாஸுக்கு நடுவுல அரை மணி நேரம் திருத்தத்துக்குன்னே விடுறாங்க, அதுக்கும் காசு உண்டு. பெத்தவங்க மெசேஜ் எல்லாம் நடத்துற ஆன்ட்டியோட போனுக்குத்தான் போகும், ராத்திரி அனுப்பினா காலையிலதான் பதில், எனக்கே ஆரம்பத்துல கடுப்பாத்தான் இருந்துச்சு.

பலன் வாய்மொழித் தேர்வுக்குப் பழகுறதுல தெரிஞ்சுது. காணொளியப் பாத்துப் பேசணும்ல, இவ ரெண்டு வரி சொல்லிட்டு வாய மூடிக்குவா. வீட்ல மீன் வளக்கிறோம்னு எப்பவோ சொன்னத அந்த டீச்சர் ஞாபகம் வெச்சு, தொட்டி கழுவுற கதைல ஆரம்பிச்சு மெதுவா இழுத்திருக்காங்க. இப்ப நிறுத்த முடியல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு கிளாஸ் விட்டா மேக்கப் கிளாஸ் கிடையாது, இடம் கிடைக்கவும் மூணு மாசம் காத்திருக்கணும். பக்கத்து காப்பிக்கடைல உக்காந்திருக்கலாம், பரோட்டா மட்டும் வாங்காதீங்க.