உறைபழ மெஷினும் அந்த ஒற்றைக் கேஸ்கட்டும்

உறைந்த பழத்தை ஐஸ்கிரீம் பதத்துக்கு அரைத்துத் தரும் மெஷின் எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஓடுகிறது. சமீபத்தில் பழுதாகி, சரிசெய்து திரும்ப வந்தது. வந்த கையோடு நண்பர் ஒருவர் "வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார். பழுது பார்க்க அலைந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை வாட், எவ்வளவு எடை என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். மேலே குழாய், அதில் பழத்துண்டு, கட்டையால் தள்ளினால் உள்ளே சுழலும் பல் வைத்த கூம்பு அரைத்து மூக்கு வழியாக வெளியே விடும். அவ்வளவுதான் மெஷின்.

தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தை உரித்து, துண்டு போட்டு, நன்றாக உறையவைத்து இதில் போட்டுப் பாருங்கள். பால் இல்லை, சர்க்கரை இல்லை, க்ரீம் இல்லை. ஆனாலும் வழவழவென்று, நாக்கில் துளி ஐஸ்கூட நெருடாமல் வரும். விருந்தாளிகளுக்குக் கொடுத்தால் என்ன க்ரீம் சேர்த்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். இத்தனை நாள் கழித்தும் எனக்கு அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

இதில் மெஷினின் பங்கைவிட பழத்தின் பங்கு பெரியது. வாழைப்பழத்தில் தண்ணீர் சுமார் 75 சதவீதம். மாம்பழத்தில் 83, ஸ்ட்ராபெர்ரியில் 91, தர்பூசணியில் 92க்குப் பக்கத்தில் வரும். தண்ணீர் கூடக்கூட ஐஸ் படிகமும் கூடும், பல்லில் நறநறக்கும். வாழைப்பழத்தில் தண்ணீர் குறைவு என்பதோடு, அதிலுள்ள பெக்டின் என்ற பசைபோன்ற நார்ச்சத்தும் மற்ற நார்ச்சத்துகளும் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில்கூட ஒரு பங்கு உறையாமலே நிற்கும். அந்த உறையாத பங்குதான் வழவழப்பைத் தருகிறது. காய்வெட்டான வாழைப்பழத்தைப் போட்டால் மாவு மாவாக, துவர்ப்பாக வருவதும் இதனால்தான். அதற்கு எந்த மெஷினையும் குறை சொல்ல முடியாது.

பழுத்த பழம்தான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்ந்த பொருளில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். சாதாரணமாகச் சாப்பிடும்போது சரியான இனிப்பாக இருக்கும் மாம்பழம், உறைந்தபின் சப்பென்று இருக்கும். கொஞ்சம் அதிகமாகப் பழுத்துவிட்டதே என்று ஒதுக்கிவைக்கும் பழம்தான் இதற்குச் சரியான பழம். வீணாகப் போகும் பழம் எங்கள் வீட்டில் இப்போது மிகவும் குறைவு. இதை நான் உண்மையிலேயே பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

உறையவைக்கும் விதமும் முக்கியம். துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, இறுகியபின் டப்பாவுக்கு மாற்ற வேண்டும். மொத்தமாகப் பையில் கொட்டி வைத்தால் பாறையாகிவிடும், அப்புறம் அதை உடைப்பது தனி வேலை. வாழைப்பழத் துண்டில் எலுமிச்சைச் சாறு லேசாகத் தடவினால் கறுக்காது. உறைவதால் அந்தக் கறுக்கவைக்கும் நொதி செத்துவிடாது, மந்தமாகும், அவ்வளவே. வெளியே எடுத்ததும் வேலையை ஆரம்பித்துவிடும்.

வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகம் பெரிதாக வளர்ந்து பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். அதனால்தான் உறைந்த ஸ்ட்ராபெர்ரியை இளகவிட்டால் தொளதொளவென்று ஆகித் தண்ணீர் விடுகிறது. அப்படியே சாப்பிட நினைப்பவருக்கு அது பெரிய குறை. அரைத்துச் சாப்பிடப் போகிற நமக்கோ அந்தக் கிழிசல் பாதி வேலையை முடித்து வைத்துவிடுகிறது.

எடுத்தவுடனே போடக் கூடாது. கல்லாக இருக்கும் பழத்தைத் தள்ளினால் மோட்டார் முக்கும், வெளியே உதிரியாகத் தூள் வரும். ரொம்ப விட்டால் கூழ். அறைச் சூட்டைப் பொறுத்துப் பத்து நிமிடத்துக்கு முன்னே பின்னே ஆகும். நகத்தால் அழுத்தினால் மேல்பரப்பு லேசாகப் பதிய வேண்டும், உள்ளே கெட்டியாக இருக்க வேண்டும். இந்தப் பதம் கைக்குப் பழகிவிடும். அரைத்ததை உடனே சாப்பிடுவதுதான் நல்லது. கடை ஐஸ்கிரீமில் காற்றும் கொழுப்பும் நிலைப்படுத்திகளும் சேர்ந்து அதை இளக்கமாக வைத்திருக்கும். இதில் அவை இல்லாததால், மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் செங்கல்தான்.

லேசான தின்பண்டம் என்று சொல்வது நியாயமா? பெரும்பாலும் நியாயம்தான். 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 89 கலோரி, ஸ்ட்ராபெர்ரியில் சுமார் 32, அதே எடை வெனிலா ஐஸ்கிரீமில் ஏறத்தாழ 200. வடிகட்டாமல் அரைப்பதால் நார்ச்சத்து அப்படியே இருக்கும். ஆனால் லேசு என்ற தைரியத்தில் நாலு வாழைப்பழத்தை ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டால் அதுவும் நாலு வாழைப்பழம்தான். சர்க்கரையைக் கவனிக்க வேண்டியவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற பழங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாம்பழம் தனியாகவே நன்றாக வரும். பெர்ரி வகைகளைப் பாதி வாழைப்பழத்தோடு சேர்த்தால்தான் ருசி. தர்பூசணி வேண்டவே வேண்டாம், ஐஸ் தூள்தான் கிடைக்கும். அன்னாசியோடு தயிர் சேர்த்தால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைக்கும், உறையவைத்தாலும் அதன் வீரியம் போகாது, வைத்திருந்தால் கசக்கும். திராட்சைக்கு மெஷினே தேவையில்லை. கழுவித் துடைத்து உறையவைத்து அப்படியே வாயில் போடலாம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் வெட்டி, இளகவிட்டுக் கொடுங்கள்.

சரி, இப்போது அந்தக் கேஸ்கட்.

சுழலும் கூம்பின் அடியில், அரைத்த பழம் மோட்டார் பக்கம் இறங்காமல் இருக்க ஒரு சிலிக்கான் வளையம் உண்டு. இந்த மெஷினில் என்னை ஓயாமல் எரிச்சல்படுத்துவது அது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். வாழைப்பழத்தின் சர்க்கரை அதன் பள்ளத்தில் போய்க் காய்ந்தால் பிசினாகிவிடும். ஈரத்தோடு திரும்ப மாட்டினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். விரலால் நெம்பிக் கழற்ற இடமில்லை, கூரான பொருளால் நெம்பினால் கிழியும். மாட்டும்போது ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்பும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். சாப்பிட ஐந்து நிமிடம் ஆகும் பண்டத்துக்கு, இந்த வளையத்தோடு அதைவிட அதிக நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, கடைசியில் ஓரம் தளர்ந்து, ஒரு கீறலும் விழுந்தது. பழச்சாறு கீழே இறங்கி மோட்டார் தண்டைச் சுற்றிக் காய்ந்துவிட்டது. மெஷின் முனகியதே தவிரச் சுற்றவில்லை. தயாரித்த நிறுவனத்தைக் கேட்டால், வளையம் தனியாகக் கிடையாதாம். குழாய், கூம்பு, கட்டை எல்லாம் சேர்ந்த மேல்பாகத்தை முழுதாக வாங்க வேண்டுமாம். அதற்கு அவர்கள் சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மெஷினே வந்துவிடும். விரலளவு அகலம்கூட இல்லாத ஒரு வளையத்துக்காக நல்ல கூம்பையும் நல்ல குழாயையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். தேய்ந்துபோகும் என்று தெரிந்தே வைக்கும் பாகத்தைத் தனியாக விற்காமல் இருப்பது அநியாயம். இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்கு மனசில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவர் பழைய வளையத்தை அளவெடுத்து, உணவில் படக்கூடிய சிலிக்கானிலேயே புதிதாக வெட்டிக் கொடுத்தார். தண்டைச் சுத்தம் செய்ததும் மோட்டார் முன்பு போலவே ஓடுகிறது. அந்த மோட்டாரைப் பாராட்டத்தான் வேண்டும். இத்தனை நாள் உறைந்த பழத்தை மென்றும், சாறு குடித்தும், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிளேடும் மழுங்கவில்லை. சத்தம் அதிகம், அதுகூடப் பரவாயில்லை, கொஞ்ச நேரம்தானே. ஒவ்வொரு தடவையும் கூம்புக்குள் ஒரு பங்கு பழம் தங்கிவிடும். கடைசித் துண்டாக வாழைப்பழத்தைப் போட்டால் முன்னால் போனதைத் தள்ளிக்கொண்டு வரும். மிச்சத்தை, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கரண்டியால் வழித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். என்னிடம் இருப்பதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், தொடர்ந்து பயன்படுத்துவேன், அது வேறு. புதிதாகப் பணம் போட்டு இந்த வளையத்துக்கு அடிமையாகச் சொல்ல என்னால் முடியாது.

வீட்டில் நல்ல மிக்ஸி இருந்தால் அதிலேயே செய்து பாருங்கள். துண்டுகளைக் கொஞ்சம் கூடுதலாக இளகவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் உதிரியாக இருக்கும், நம்பிக்கை போய்விடும். ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சட்டென்று திரண்டு வழவழப்பாகும். சுற்றவே மறுத்தால் ஒரு கரண்டி தண்ணீரோ பாலோ விடலாம், அதற்கு மேல் விட்டால் பானமாகிவிடும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் உருகும், மோட்டாரும் சூடாகும். மெஷினில் வருவதைவிடக் கொஞ்சம் இளக்கமாகத்தான் வரும். ஆனால் மிக்ஸி ஜார் கேஸ்கட் தேய்ந்தால் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இந்த நிறுவனமும் பெட்டிக்குள் கூடுதலாக ஒரு வளையம் வைத்து, பிறகும் தனியாக விற்கட்டும், என் பதிலை அன்றைக்கே மாற்றிக்கொள்கிறேன்.