ஒரு சாண் நூரம்பெர்க் சாசேஜ்

கே.கே. நகர்ப் பக்கம் ஓர் உணவகத்தில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்துச் சாசேஜ் சாப்பிட்டேன். அசல் சரக்கு 7 முதல் 9 சென்டிமீட்டர்தான். ஆட்டுக்குடல் உறைக்குள் பன்றி இறைச்சி, மார்ஜோரம் என்னும் மூலிகையின் வாசனை. 2003 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு. இங்கே வந்ததோ ஒரு சாண் நீளம்! ஆனால் கத்தி பட்டதும் தோல் பட்டென்று வெடித்துக் கொழுப்பு தட்டில் ஓடியபோது என் கோபம் இறங்கிவிட்டது.

கூடவே வந்த புளித்த முட்டைக்கோஸ்தான் ஏமாற்றம். வினிகரில் நனைத்த பச்சைக் கோஸ் அது. உப்பில் வாரக்கணக்கில் ஊறினால்தான் அந்தப் புளிப்பு வரும்.

குடல் குழம்பில் கைதேர்ந்த என் மாமியார் ஒரு துண்டு கடித்துவிட்டு, “மிளகு எங்கே, மாப்பிள்ளை?” என்றார். கடுகு விழுதை நகர்த்தி வைத்தேன். இரண்டாவது தட்டு அவர் கேட்டதுதான்.