ஸ்டியரிங் ஷாஃப்ட் சத்தம்: கிரீஸ் அடைப்பதா, புதிது மாட்டுவதா?

பெங்களூரு கலாசிபாளையத்தில் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளில், வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே ‘டொக்’ என்று கேட்டால், பலரும் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராட் எண்டையோ, பட்டை ஸ்பிரிங்கின் புஷ்ஷையோதான் முதலில் சந்தேகிக்கிறார்கள். ஸ்டியரிங்கையும் அதன் கீழுள்ள ஸ்டியரிங் கியர் பாக்ஸையும் இணைக்கும் ஷாஃப்டும் இதே சத்தத்தைத் தரும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் கூடிய அதன் பல்வரிசையில் கிரீஸ் வறண்டுவிட்டால் இரும்போடு இரும்பு இடிக்கும்.

எந்த வழி சரி என்பதை, ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. என்ஜினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக அசைக்க, மற்றவர் ஷாஃப்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள நுழைவுப் பகுதியில் மட்டும் லேசான அதிர்வு தட்டுப்பட்டால் கிரீஸ் போதும். முனையில் உள்ள கிராஸ் எனும் சிலுவை வடிவ மூட்டு ஆடினால் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் பயனில்லை.

கிரீஸ் செலுத்தும் சிறு முனையான நிப்பிள் இருக்கும் வண்டிகளில் கிரீஸ் கன் ஒன்றே போதும், செலவும் அற்பம். நிப்பிள் இல்லாவிட்டால் ஷாஃப்டைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸைப் பூசி, பலமுறை இழுத்துத் தள்ளிப் பரவ விட வேண்டும். ஆனால் பல் தேய்ந்திருந்தால் சத்தம் திரும்ப வரும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களின் இதே சத்தத்துக்கு அந்த நிறுவனம் முதலில் கிரீஸ் பூசச் சொல்லிவிட்டு, பின்னர் வடிவம் மாற்றிய ஷாஃப்டையே கொண்டுவந்தது.

அதனால் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தால் பெங்களூருவில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் புது ஷாஃப்ட் வாங்குவதே என் தேர்வு. பழைய உதிரிபாகக் கடைச் சரக்கு விலை குறைவுதான். அதன் பல் எவ்வளவு தேய்ந்தது என்பதை விற்பவரே அறியமாட்டார். சத்தத்தை நிறுத்த வெல்டிங் வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. கேபின் அசைவுக்கு ஏற்ப நீண்டு குறுக வேண்டிய, விபத்தில் மடங்கிக்கொடுக்க வேண்டிய பாகத்தை இறுக்கி வைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

எந்த வழியானாலும் கழற்றும் முன் சக்கரங்களை நேராக வைத்து, இரு முனைகளிலும் பெயின்ட்டால் குறியிட்டு, ஸ்டியரிங் சுழலாதபடி கட்டிவிட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் தானாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும். பூட்டும் போல்ட்டைப் புதிதாகப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, வண்டியை நகர்த்தும் முன் ஸ்டியரிங்கைக் கடைசிவரை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.