லாங் பஜார் சந்தில் கிடைக்கும் முளைகட்டிய கேழ்வரகு மாவு

என் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்த வாரத்திலிருந்து, வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு சிறிய மாவுக் கடையில் முளைகட்டிய கேழ்வரகு மாவு வாங்கி வருகிறேன். இப்போது அவளுக்குப் பத்து மாதம்.

அந்தக் கடையின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது மாவைப் பார்த்து அல்ல. கடை அம்மா, "குழந்தைக்கு எத்தனை மாசம் ஆகுதும்மா?" என்று கேட்ட பிறகே பொட்டலத்தை எடுக்கிறார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நான்கு மாதப் பேரனுக்கு என்று சொன்னதும், "ஆறு மாசம் முடியட்டும் ஐயா, அதுவரைக்கும் தாய்ப்பால் போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதல் ஆறு மாதங்களுக்குத் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கைக்கு வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு அதைக் கடைப்பிடிக்கும் ஒருவரை நான் அங்கேதான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் கேவுரு என்று சொல்லும் தானியத்தை இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, கருகாமல் இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்துத் துணியில் சலிக்கிறார்கள். சர்க்கரையோ பால் பவுடரோ கலப்பதில்லை. இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்னும் பொருள் தானியத்தில் இருக்கிறது; முளைகட்டும்போது அது குறைவதால் இரும்புச் சத்து உடலில் சேர்வது எளிதாகிறது. அதைவிட எனக்குப் பயன்பட்டது இன்னொன்று: முளையில் உருவாகும் அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், சாதாரண மாவைப் போல் கஞ்சி களியாக இறுகுவதில்லை. குழந்தையின் வயிறு சிறியது. கஞ்சி இறுகுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையுமே தவிர, சத்து போதாது. இந்த மாவில் அதே அளவு தண்ணீருக்கு மாவைச் சற்று அதிகமாகப் போட்டாலும் குழந்தை விழுங்கும் பதத்திலேயே இருக்கிறது.

இது தெரியாமல் முதல் இரண்டு வாரம் நான் நீராகத்தான் காய்ச்சிக் கொடுத்தேன், எடை ஏறவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது செவிலியர், கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி சட்டென வழிந்தோடாமல் நிற்க வேண்டும் என்று செய்து காட்டினார். அன்றிலிருந்து அந்தப் பதத்தில் காய்ச்சி, இறக்கியதும் அரைத் தேக்கரண்டி நெய் சேர்க்கிறேன். கேழ்வரகில் கால்சியம் மிகுதி என்றாலும் இரும்புச் சத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது; மசித்த பருப்பு, கீரை, முட்டை ஆகியவற்றையும் தனித்தனி வேளைகளில் கொடுத்து வருகிறேன்.

குறைகளும் உண்டு. பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள செய்முறையில் "தேன் அல்லது பனங்கற்கண்டு சேர்க்கலாம்" என்று இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கலாம். இனிப்பும் அந்த வயதில் தேவையில்லை. இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் அந்த வரி இன்னும் மாறவில்லை. இத்தனை அக்கறையுள்ள கடையில் இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதே கடையின் சத்துமாவில் பன்னிரண்டு பொருள்கள் இருக்கின்றன. அதை முதல் உணவாகத் தொடங்க வேண்டாம் என்பேன். முந்திரி, பாதாம், நிலக்கடலை ஆகியவற்றை நன்றாகப் பொடித்து ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால்தான், உடம்பில் தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் வந்தது என்று தெரியும்.

அரைத்த தேதியை மையில் குத்துகிறார்கள், அது அழிந்துவிடுகிறது. வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலில் அரைக் கிலோ பொட்டலம் மூன்றாவது வாரம் வண்டு வைத்துவிட்டதால், இப்போது கால் கிலோதான் வாங்குகிறேன். வியாழக்கிழமை அரைக்கிறார்கள்; வெள்ளிக்கிழமை காலையில் போனால் புது மாவு கிடைக்கும்.